என் கேள்வியில் ஒட்டிய சிவப்பு அம்பு

எங்கள் கல்லூரியில் இணையவழிப் படிப்பு ஒன்றைத் தொடங்குவது என்று முடிவானபோது, அதன் தரத்துக்கு யார் பொறுப்பு என்று முதல்வர் கேட்டார். கூட்ட அறையில் இருந்த அத்தனை ஆசிரியர்களும் மேசையைப் பார்த்தோம். மேசையில் ஆறிப்போன டீயையும் தேங்காய் பன்னையும் தவிர பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. முதல்வர் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் தலையில் நின்றார்.

"ஏனுங்க மேடம், நீங்க பனியன் கம்பெனீல குவாலிட்டில இருந்தவங்கதானுங்களே?"

இருந்தேன். ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் ஏற்றுமதிக் கம்பெனிகளில் தரம் பார்த்தவள் நான். கழுத்துப்பட்டை அரை சென்டிமீட்டர் கோணினாலும் எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

"அது துணிங்க சார். இது பாடம்" என்றேன்.

"தரம்னா தரந்தானுங்க. பீஸுக்குப் பதிலா வீடியோ. அவ்வளவுதானுங்களே!"

எல்லோரும் கைதட்டினார்கள். தன் தலை தப்பியதற்குத் தட்டிய கைகள் அவை. அதிகச் சத்தமாகத் தட்டியவர் வணிகவியல் பாடம் எடுப்பவர். கல்லூரியில் எல்லோரும் அவரைக் காமர்ஸ் சார் என்றுதான் கூப்பிடுவோம். அப்படித் தட்டியதற்காக அவர் பின்னால் ரொம்பவும் வருத்தப்பட்டார். அதற்கு வேண்டியதையெல்லாம் நான் குறைவில்லாமல் செய்தேன்.

படிப்பு, பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கானது. ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு. கல்லூரிக்கு வர வேண்டாம், கைப்பேசியிலேயே பாடத்தைப் பார்த்து, கைப்பேசியிலேயே பரீட்சை எழுதலாம். ஆடைகளைத் தரம் பார்ப்பது எப்படி என்பது என் பாடம். ஒரு பீஸின், அதாவது ஒரு உடுப்பின், அடக்கவிலையைப் போடுவது எப்படி என்பது காமர்ஸ் சாரின் பாடம். ஆக மொத்தம் இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் மற்றவருக்குப் போலீஸ்.

வேலையை எனக்குத் தெரிந்த விதத்தில்தான் ஆரம்பித்தேன். கம்பெனியில் செக்கிங் டேபிள் என்று ஒன்று உண்டு. தைத்து வந்த துணியை அதில் விரித்துப் பார்த்து, பழுது எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். பேச்சே கிடையாது. அம்பு காட்டுகிற இடத்தில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருக்கும். தைத்தவர் பிரித்து மறுபடி தைத்துக் கொடுக்க வேண்டும். பழுதுக்கு மூன்று வகை. மைனர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மேஜர் என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். கிரிட்டிக்கல் என்றால் உடுத்துகிறவருக்கே ஆபத்து. அந்தச் சொல்லைக் கேட்டால் மேனேஜர்கள் சாப்பாட்டுக் கையோடு ஓடி வருவார்கள்.

கடைவீதிக்குப் போய் ஒரு சுருள் அம்பு ஸ்டிக்கர் வாங்கி வந்தேன். வீடியோவில் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது என்பதால், பழுதான காட்சியை அச்செடுத்து, அதன் மேல் அம்பை ஒட்டி, அந்த ஆசிரியரின் மேசையில் வைத்துவிடுவது என் வழக்கமாயிற்று.

காமர்ஸ் சாரின் முதல் வீடியோ எனக்கு வாராது வந்த பொக்கிஷம். பின்னணியில் படம் போடுவதற்காகப் பச்சைத் திரை கட்டிப் படம்பிடிக்கும் அறையில், அவர் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றிருக்கிறார். கம்ப்யூட்டர், பச்சைத் திரையோடு சட்டையையும் சேர்த்து அழித்துவிட்டது. ஐம்பத்திரண்டு நிமிடம் ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் அடக்கவிலை சொல்லிக்கொண்டிருந்தன. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓடியது. அந்த இடத்தில் அம்பை ஒட்டி, 'பழுது: உடம்பு இல்லை. வகை: மேஜர்' என்று எழுதி வைத்தேன்.

காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "பாடம் நல்லாருக்குதுங்களா இல்லீங்களா? அதை மொதல்ல சொல்லுங்க மேடம்."

"வயிறு வரட்டுமுங்க. அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அடுத்த வாரம் அவர் தயாரித்த கேள்விகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ என்று மூன்று விடைகள். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை 'இ'. கண்ணை மூடிக்கொண்டு 'இ'யை அழுத்தினால் பல்கலைக்கழக முதலிடம். அதற்கும் அம்பு ஒட்டினேன். இந்தமுறை மனிதர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய் என் கேள்விகளைத் திறந்தார். எனக்கும் அதே கதைதான். இரண்டு தப்பான விடையை யோசித்து எழுதிவிட்டு, சரியானதைக் கடைசியில் எழுதுவது ஆசிரியர்களின் கை வாகு போலிருக்கிறது.

"உங்குளுதும் 'இ'தானுங்களே மேடம்" என்று மிக மிக மரியாதையாகச் சொன்னார். கொங்கு நாட்டில் மரியாதையாகச் சொன்னால்தான் அதிகமாக வலிக்கும்.

அன்று சாயங்காலம், நாலே முக்கால் டவுன் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், என் கேள்விகளின் விடைகளையெல்லாம் இடம் மாற்றிப் போட்டேன். ஒரு கேள்வியில் 'இ'யில் இருந்தது 'அ'வுக்குப் போனது, இன்னொன்றில் 'ஆ'வுக்குப் போனது. இடம் மாற்றினால், எது சரியான விடை என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவைத்திருப்பதையும் கூடவே மாற்ற வேண்டும். மாற்றினேன், ஒரே ஒரு கேள்வியைத் தவிர. அது எனக்கு அப்போது தெரியாது. பஸ் கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லா வீடியோவையும் முழுதாகப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. முதல் ஐந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம், இரண்டும் நன்றாக இருந்தால் பாஸ். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் கம்பெனிக்கு வந்தாலும் அத்தனை பெட்டியையுமா பிரிக்கிறார்? கைக்கு எட்டிய சிலவற்றைத்தான் திறக்கிறார். அவர் கை கதவோரத்துப் பெட்டிக்குத்தான் முதலில் போகும் என்று தெரிந்து, நல்ல பீஸ்களை அங்கே அடுக்கிவைக்கச் சொன்னவள் நானே. அதே வித்தையை என்னிடமும் யாராவது காட்டலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. காமர்ஸ் சாரோ நிட்டிங் கம்பெனி நடத்துகிற குடும்பத்தில் பிறந்தவர். பெட்டி அடுக்கப் பழகிய கை. ஒரே மாதத்தில் அவருடைய வீடியோக்கள் என் கண்ணுக்குப் பளபளவென்று ஆகிவிட்டன. நான்தான் அவரைத் திருத்திவிட்டேன் என்று பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு போவேன்.

என் பாடங்களை யார் சோதித்தது என்று கேட்பீர்கள். தைத்தவர் தன் தையலைத் தானே செக்கிங் செய்யக் கூடாது என்பது டேபிளின் முதல் சட்டம். அதை நானே இரண்டாவது பாடத்தில் விரல் ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டில் 'சோதித்தவர்' என்ற கட்டத்தில், என் பாடங்களுக்கு எதிரே இருப்பதும் என் கையெழுத்துதான். விரல் ஆட்டியது ஊருக்கு.

முதல் அணியில் முப்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். டைலர்கள், பேக்கிங் பார்க்கிறவர்கள், செக்கிங் பெண்கள். அதில் ஒரு செக்கிங் பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊர் ராயபுரத்தில் குடியிருந்தார். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் குழந்தைகள் உடுப்பு தைக்கிற ஒரு கம்பெனியில் எட்டு வருடமாக நின்றுகொண்டே செக்கிங் வேலை. காலையும் மாலையும் கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் பாடங்களைப் பார்ப்பாராம்.

அவருடைய கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை காலியாகப் போகிறது, அந்த வேலைக்காகத்தான் படிக்கிறேன் என்று சேர்ந்த வாரமே எனக்கு எழுதியிருந்தார். பரீட்சை நெருங்கியபோது நாளும் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை சான்றிதழோடு வந்தால் வேலை அவருக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். "எட்டு வருசமா தப்பக் காட்டுதேன் டீச்சர், நிறுத்துன்னு சொல்லத்தான் அதிகாரம் இல்ல. அது கெடச்சிட்டா போதும்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

இறுதிப் பரீட்சைக்கு நாற்பது கேள்விகள். இருபது எடுத்தால் தேர்ச்சி. இரண்டு தடவை எழுதலாம். முதல் தடவை எழுதி முடித்ததும் எந்த விடை சரி என்று கம்ப்யூட்டர் பச்சை நிறத்தில் காட்டும். அதைப் பார்த்துத் திருந்தி இரண்டாம் தடவை எழுதலாம் என்பது என்னுடைய புரட்சிகரமான ஏற்பாடு.

முதல் தடவை முடிந்த அன்று அந்தச் செக்கிங் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. "டீச்சர், ஊசிக் கேள்வியில கம்ப்யூட்டர் தப்பா சொல்லுது. கொஞ்சம் பாருங்க."

மாணவர்களின் சந்தேகங்களுக்கு நான் ஒரு பதிலைத் தயாராக எழுதிவைத்திருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும்: 'தங்கள் ஐயத்துக்கு நன்றி. பாடத்தை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் பார்க்கவும்.' அழுத்தினேன்.

மறுநாள், "பாத்துட்டேன் டீச்சர். பாடத்துல நீங்க சரியாத்தான் சொல்லுதிய. கேள்வியிலதான் தப்பு" என்று வந்தது. மறுபடியும் அழுத்தினேன். அதற்கடுத்த நாள், "இன்னொரு மட்டமும் பாத்துட்டேன்" என்று வந்தது. அதற்கு ஒரு கும்பிடு படம் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்தது. முதல்வருக்கு அறிக்கை எழுதினேன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. ஊசியைப் பற்றிய கேள்விக்கு முதல் தடவை ஒருவர்கூடச் சரியாக விடையளிக்கவில்லை. இரண்டாம் தடவை ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் சரியாக அளித்தார்கள். நம் மாணவர்கள் தவறிலிருந்து கற்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி ஒரே பாடத்தை நான்கு முறை பார்த்திருப்பதையும், அது பாடத்தின் ஈர்ப்புக்கு அடையாளம் என்பதையும் படம் போட்டு விளக்கியிருந்தேன். அந்த மாணவி யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்தான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு அவரே கல்லூரிக்கு வந்துவிட்டார். அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், கைப்பேசியை என் மேசையில் வைத்தார். திரையில் என் கேள்வி தெரிந்தது. திரைக்கண்ணாடியின் மேல் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. செக்கிங் பெண்கள் அடையாள அட்டையின் பின்பக்கம் எப்போதும் நாலு ஸ்டிக்கர் வைத்திருப்பார்கள்.

இதுதான் அந்தக் கேள்வி: அனுப்பத் தயாரான ஒரு குழந்தைச் சட்டைக்குள் முறிந்த ஊசியின் முனை கிடக்கிறது. என்ன செய்வீர்கள்? அ. மொத்தச் சரக்கையும் நிறுத்தி, ஒன்று விடாமல் சோதிப்பேன். ஆ. அந்தச் சட்டையைத் தைத்தவரிடம் திருப்பி அனுப்புவேன். இ. அந்தச் சட்டையை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

"டீச்சர், இதுல எது சரி?"

"இதென்னுங்க கேள்வி? 'அ'தானுங்க. அத்தனையும் நிறுத்திப் பாக்கோணும்."

"கம்ப்யூட்டர் 'இ'ங்குது டீச்சர்."

"இருக்காதுங்களே" என்று சொல்லிக்கொண்டே திறந்து பார்த்தேன். 'இ' என்றுதான் இருந்தது. நாலே முக்கால் பஸ் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்புறம் மத்தவங்க எல்லாம் எப்படிங்க 'இ' போட்டாங்க?"

"கம்ப்யூட்டர் பச்சையில காட்டிட்டுல்லா. ஊசிக்கு 'இ' போடுங்கன்னு குரூப்புல வந்துட்டு. எல்லாரும் போட்டுட்டாவ."

"நீங்களும் போட்டிருக்கலாமுங்களே. அடக்கவிலைக் கணக்கையும் பச்சையைப் பாத்துப் போடாம சொந்தமாப் போட்டு, பத்தொம்பதுதான் எடுத்திருக்கறீங்க. ஒரே ஒரு மார்க்குல போச்சே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஊசி உள்ள கெடக்குன்னு தெரிஞ்சிக்கிட்டு எப்படி டீச்சர் அடுத்த பீஸ எடுக்கது? கை வரமாட்டேங்கு."

முப்பத்திரண்டு பேரில் நான் சொல்லிக்கொடுத்ததை உண்மையாகவே கற்றுக்கொண்டவர் இவர் ஒருவர்தான். இவரைத்தான் நான் தோற்கடித்திருக்கிறேன். அதைச் சொல்லி மூன்று முறை எழுதியவரிடம், போய்ப் பாடத்தைப் படி என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, மூன்றாம் முறை ஒரு கும்பிடு போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவர் பையிலிருந்து கோடு போட்ட நாலு பக்கக் காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தார். எல்லாப் பாடங்களையும் முழுதாகப் பார்த்து, எத்தனையாவது நிமிடத்தில் என்ன பழுது, என்ன வகை என்று எழுதியிருந்தார். காமர்ஸ் சாரின் மூன்றாம் பாடத்துக்கு எதிரே இப்படி இருந்தது: '23ஆவது நிமிசத்திலிருந்து 31 வரை சார் போனில் பேசுகிறார். கலர் செட் ஆகலைன்னா வண்டியை அனுப்பாதே என்கிறார். பாடம் இல்லை. ஆனால் இங்கே விட்டுப்போனதிலிருந்து நாலு கேள்வி வந்திருக்கு. மேஜர்.' கதவோரத்துப் பெட்டி வித்தை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முதல்வரிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். புதன்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் படிப்பைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அந்தம்மாவுக்கு மட்டும் ஒரு மார்க்கைச் சேத்திப் போட்டு, சான்றிதழைக் குடுத்துடுங்க. யாருக்குங்க தெரியப் போகுது?" என்றார்.

பொய் சொல்லவில்லை, எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. காமர்ஸ் சாருக்குத் தெரியாமல் போய்விடும் என்பதுதான் முதலில் மனதில் பட்டது. சிரித்த முகத்தோடு திரும்பி வந்து அந்தச் செக்கிங் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை வரை போக வேண்டாம், இப்போதே சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம்.

அவர் முகம் மலர்ந்தது. ஒரு நொடிதான். "மத்தவங்களுக்கு?" என்றார்.

"அவங்களுக்கென்னுங்க, எல்லாரும் பாஸ்தானுங்களே."

"அதுக்கில்ல டீச்சர். எங்க டேபிள்ல ரெண்டு பிள்ளைய இந்தக் கோர்ஸ் படிக்கிது. முந்தாநாளு தையல் லைன்ல ஊசி முறிஞ்சிட்டு. ஒரு துண்டு சட்டைக்குள்ள கெடந்திச்சு. அந்தப் பிள்ளைய அந்தச் சட்டைய மட்டும் அங்கிட்டுப் போட்டுட்டு அடுத்தத எடுக்கு. என்னட்டின்னு கேட்டா, கோர்ஸ்லயே அப்படித்தானக்கா போட்டிருக்குங்கு. நான்தான் சத்தம் போட்டு எல்லாத்தையும் பாக்க வச்சேன். இன்னொரு துண்டும் இருந்திச்சு."

என் ஒரு எழுத்துப் பிசகு, ஏதோ ஒரு நாட்டுக் குழந்தையின் சட்டை வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறது.

"நிறுத்தினா அத்தனை கேள்வியும் மறுபடி பாக்கோணும். எல்லாத்தோட ரிசல்ட்டும் நிக்கும். உங்குளுதும் சேந்து நிக்குமுங்க. திங்கக்கிழமைக்குள்ள முடியுமான்னு என்னால சொல்ல முடியாது கண்ணு."

என்னையறியாமல் 'கண்ணு' வந்துவிட்டது. அவர் கைப்பேசியை எடுத்து, திரையில் ஒட்டியிருந்த அம்பை நகத்தால் மெதுவாக உரித்தார்.

"நிக்கட்டும் டீச்சர்" என்றார். கண் கலங்கியதை மறைக்கவில்லை. பகல் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.

முதல்வரிடம் மறுபடி போய், "நிறுத்தோணுமுங்க சார்" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, அந்தச் செக்கிங் பெண் சொன்ன இரண்டாவது ஊசித் துண்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கும் பேத்தி இருக்கிறாள். கையை எடுத்துவிட்டார். திருத்திய முடிவுகளில் இரண்டு ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டால் தானும் போடுவதாகச் சொன்னார்.

முப்பத்திரண்டு பேருக்கும் செய்தி அனுப்பினேன்: 'ஊசிக் கேள்வியில் கம்ப்யூட்டர் காட்டிய விடை தவறு. தவறு என்னுடையது. சரியான விடை, மொத்தத்தையும் நிறுத்துவதுதான். எல்லாருடைய முடிவுகளும் நிறுத்தி வைக்கப்படுகின்றன.' குரூப்பில் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. கொங்குக்காரர்கள்கூட '-ங்க' போடவில்லை.

அதைவிடக் கஷ்டமான வேலை காமர்ஸ் சாரிடம் சொல்வது. ஆசிரியர் அறைக்குப் போய் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் எழுந்து வந்து என் மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தார். ஒன்றை நிதானமாக உரித்து, என் மேசைக் கண்ணாடியில், என் நாற்காலியைப் பார்த்தபடி ஒட்டிவிட்டு, சுருளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன வகைங்க மேடம்?"

"கிரிட்டிக்கல்."

"காதுல உளுகலீங்களே."

"கிரிட்டிக்கலுங்க!" என்று கத்தினேன். பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது.

அவர் ஆசை தீரச் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, நாலு பக்கக் காகிதத்தை நீட்டி, இருபத்தி மூன்றாவது நிமிடத்தைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி வாசித்தார்.

"நடுவால யாருங்க பாக்கப் போறாங்கன்னு இருந்துட்டனுங்க" என்றார்.

"நானும் கதவோரத்துல நல்ல பீஸ வெச்சவதானுங்க" என்றேன். அதற்குமேல் சண்டை போட எங்கள் இருவரிடமும் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருவரும் கல்லூரிக்கு வந்தோம். என் கேள்விகளை அவர் பார்த்தார், அவருடையதை நான் பார்த்தேன். அவர் என்னிடம் இன்னும் இரண்டு மைனர் கண்டுபிடித்துத் துள்ளினார். போன் பேசிய நேரத்துக் கேள்விகள் நாலையும் நீக்கினோம். பிறகு அவர் பாடங்களை நானும் என் பாடங்களை அவருமாக முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தோம். ஒருவர் பாடத்தை ஒருவர் முழுதாகக் கேட்டது அன்றுதான். என் குரல் இவ்வளவு அதட்டலாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் அவர் வீட்டிலிருந்து அரிசிம்பருப்பு சாதம் வந்தது. சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் அவர் பக்கமிருந்து சத்தமே வரவில்லை. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நாலு கேள்வி போய் முப்பத்தாறு நின்றது. பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. பாடத்தில் இல்லாத அந்த நாலுக்கும் அந்தச் செக்கிங் பெண் விடையே போட்டிருக்கவில்லை, அதனால் ஊசிக் கேள்வியோடு சேர்த்து அவருக்கு இருபது. மற்ற எல்லோருக்கும் மதிப்பெண் குறைந்தது, ஆனால் யாரும் தோற்கவில்லை. முதல்வர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மண்டப வாசலில், நெற்றியில் சந்தனத்தோடு, காமர்ஸ் சாரின் பைக் சீட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ஐந்தரைக்குச் சான்றிதழை அந்தச் செக்கிங் பெண்ணின் கைப்பேசிக்கு அனுப்பினேன்.

பதில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. முடிவை நிறுத்திவைத்த செய்தி எல்லோருக்கும் போயிருக்கிறது. அவருடைய கம்பெனி மேனேஜர் காதுக்கும் போயிருக்கும். குழப்பமான சான்றிதழ் என்று தள்ளிவிட்டு, வெளி ஆளையே எடுத்துவிட்டால்? என் பிசகுக்கு அந்தப் பெண் தண்டனை அனுபவிப்பாரே என்று நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது. வகுப்பில் பருத்தி என்று சொல்ல வேண்டிய இடத்தில் பாலியஸ்டர் என்று சொன்னேன். காமர்ஸ் சார் அரைமணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, "ஏதாச்சும் வந்துதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றரை மணிக்குக் கைப்பேசி அதிர்ந்தது.

"டீச்சர், சூப்பர்வைசராப் போட்டுட்டாவ. ரிசல்ட்ட ஏன் நிறுத்தினாவன்னு மேனேஜர் கேட்டாவ. சொன்னேன். இனும டேபிள்ல எத நிறுத்தணும்னாலும் நீயே நிறுத்துன்னுட்டாவ."

ஆசிரியர் அறை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். காமர்ஸ் சார் வாங்கிப் படித்துவிட்டு, தன் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார். அவர் திருப்பித் தருவதற்குள் இன்னொரு செய்தி வந்தது.

"டீச்சர், நாலாவது பாடம் பதினோராவது நிமிசம். நெஞ்சளவ அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழ வச்சு எடுக்கணும்னு வாயால சொல்லுதிய. கை அக்குள்லயே வச்சு எடுக்கு. மேஜர்."

நாலாவது பாடம் நேற்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காமர்ஸ் சார் பார்த்தது. அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

என் விரல் பழக்கதோஷத்தில் அந்தப் பொத்தானுக்குப் போனது. 'தங்கள் ஐயத்துக்கு நன்றி' என்பதுவரை திரையில் தெரிந்தது. விரலை எடுத்துவிட்டு, நாலாவது பாடத்தைத் திறந்து பதினோராவது நிமிடத்துக்குப் போனேன். வாய் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. இரண்டு தடவை பார்த்தேன்.

காமர்ஸ் சாரிடம் போய் ஒரு ஸ்டிக்கர் கேட்டு வாங்கிக்கொண்டேன்.